இரண்டு விநாடி

உக்கடத்தில் இன்ஜினை எடை போட்டு வாங்கிவிடலாம்.
ஒயரிங்கை அப்படி முடியாது.
சாதிக் பாய் கடைப் பையன்கள்
ஃபயர்வாலை ஒட்டி
கட்டிங் பிளேயரால் நறுக்கித் தள்ளிவிடுவார்கள்.
பக்கத்திலேயே நின்று
முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து
முழுசாக உருவி வாங்கினேன் இதை.

பலேனோவின் இன்ஜின். ஏற வேண்டியது ஜிப்ஸியில்.
ஜிப்ஸிக்காரர் பிரகதீஸுக்கு ஆனைமலைப் பக்கம் கோழிப்பண்ணை.
செட்டிபாளையத்து மண்ணில் ஓட்டோணும்,
ஆடிக்குள்ள முடிச்சுக் குடுங்க என்றார்.
ஆடிக் காற்று வந்தேவிட்டது
பாலக்காட்டுக் கணவாய் வழியாக,
என் ஷெட்டுத் தகரத்தைத் தூக்கித் தூக்கி
உள்ளே என்ன வேலை நடக்கிறதென்று பார்த்துக்கொண்டு.

கோணிச் சாக்கின் மேல் ஒயரிங்கை நீட்டிப் போட்டேன்.
எண்ணெய் பிசுக்கில் எல்லா நிறமும் ஒரே நிறம்.
மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க
கறுப்பில் வெள்ளைக்கோடு வந்தது,
பச்சையில் மஞ்சள் வந்தது,
யாரோ ஒருவர் எப்போதோ முறுக்கி ஒட்டிய
ஸ்பீக்கர் ஒயரும் வந்தது.

முதலில் பிரகதீஸ் ஒரு ஈசியூ கொண்டுவந்தார்.
எஸ்டீமுடையது. விலை சல்லிசு.
சாக்கெட் டக்கென்று உட்கார்ந்தது.
"ஜாதகமே பொருந்திடுச்சு போங்க" என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
ஜாதகம் பொய்யானாலும் குடும்பம் ஓடும்.
ஐந்து வோல்ட் கேட்கிற காலில்
பன்னிரண்டு போனால் புகைதான்.
மீட்டரை வைத்துக் கால் காலாகப் பார்த்தேன்.
ஏழாவது காலில் கழற்றிவிட்டேன்.

மறுபடி உக்கடம். அதே வண்டியின் ஈசியூ,
இம்மொபிலைசர்ப் பெட்டி, மீட்டர், எல்லாம்.
மூன்றாம் நாள் ராத்திரி செல்ஃப் அடித்தேன்.
பிடித்தது.
ஒன்று.
இரண்டு.
நின்றுவிட்டது.

பெட்ரோல் இருக்கிறது. எர்த் இருக்கிறது.
கிராங்க் சென்சாரும் சரி.
ஒயரில் தொங்கும் மீட்டரில் மட்டும்
சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு
சிமிட்டிக்கொண்டே இருந்தது.
நீ யார் என்று கேட்கிற விளக்கு அது.
இரண்டு விநாடி பொறுக்கும், அவ்வளவுதான்.

சாதிக் பாய் நம்பர் தேடித் தந்தார்.
வெள்ளக்கோயில் தாண்டி லாரியில் மோதிய வண்டி.
இன்சூரன்ஸுக்கு ஒரு சாவி போய்த் தொலைந்துவிட்டது.
இன்னொன்று கோகிலவாணி என்பவரிடம்.

சிங்காநல்லூரில் பஸ் இறங்கி ஆட்டோவில் வந்தார்.
எண்ணெய் மில் கணக்கு முடிக்கோணும்,
நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கோணும் என்றார்.
"சாவி தர மாட்டேனுங்க.
உள்ள இருக்கறது எதோ, அதை எடுத்துக்கங்க.
ரெண்டாயிரம்."
பிரகதீஸ் எண்ணிக் கொடுத்தார். அவரும் எண்ணிப் பார்த்தார்.

பிளேடால் நெம்பினேன்.
புளியங்கொட்டையில் பாதி இருக்கும், கறுப்பாக.
ஸ்டியரிங் அடியில் வளையத்தோடு சேர்த்து
டேப் சுற்றினேன்.
சாவியை மூடிக் கொடுத்தேன்.
மில் சாவி, பீரோ சாவி நடுவே
அதைத் திரும்பக் கோத்துக்கொண்டார்.

செல்ஃப்.
ஒன்று, இரண்டு,
மூன்று என்று நான் எண்ணவில்லை. மறந்துவிட்டேன்.
சைலன்சர் இல்லாத சத்தத்தில்
தகரம் அதிர்ந்தது, எதிர்க் கடை நாய் ஓடியது.

அவர் கிட்டே வந்து
என் காதுப் பக்கம் கத்திச் சொன்னார்:
"மூணாவது கியர்ல ஒரு சத்தம் வருமுங்க.
ஒண்ணும் ஆகாது. பயந்துக்காதீங்க."

கியர்பாக்ஸ் ஜிப்ஸியுடையது.
பலேனோவுடையது அங்கேயே எடைக்குப் போய்விட்டது.
சரிங்க என்றேன்.

ஆட்டோ திரும்பிய பின்
டேப் மேல் மார்க்கரில் எழுதினேன்,
என்றைக்காவது இதைப் பிரிக்கப்போகிற
எலக்ட்ரீஷியனுக்கு:
உள்ளே சாவி இருக்கிறது. வெட்டாதே.