நாற்பத்தொன்று

நீடாமங்கலம் கேட் மூடியிருக்கிறது.
என்ஜின் முன்னே போய், பின்னே வந்து,
மறந்ததை எடுக்கத் திரும்புகிறவன் போல
மறுபடி முன்னே போகிறது.
கைப்பேசியில் சார்ஜ் இல்லை.
மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் நான்,
ஐம்பத்திரண்டு வயதில், கையில் ஒன்றுமில்லாமல்.

இது எனக்குப் புதிதில்லை.
இதே கேட்டில், நெல் லாரியின் முன்சீட்டில்,
அப்பாவுக்கும் கிளீனர் சவரிமுத்துவுக்கும் நடுவே
கால் தரையில் எட்டாத வயதில்
எத்தனை மாலைகள் உட்கார்ந்திருப்பேன்.
சுகமென்று சொல்ல மாட்டேன்.
டீசல் நாற்றம், தொடையில் ஒட்டும் ரெக்சின்,
"இன்னும் எவ்வளவு நேரம்பா" என்றால்
பீடிப் புகைதான் பதில்.
அன்று யாராவது ஒரு திரையை நீட்டியிருந்தால்
இரண்டு கையாலும் வாங்கியிருப்பேன்.

யாரும் நீட்டவில்லை.
எண்ணினேன்.
கூட்ஸ் வண்டியில் நாற்பத்திரண்டு வேகன்.
மறுநாளும் நாற்பத்திரண்டு.
ஒரு புதன்கிழமை
நாற்பத்தொன்று.

யாரிடமும் சொல்லவில்லை.
வீட்டுக்கு வந்து பாயில் படுத்து
வராத வேகனுக்கு ஒரு ஊர் கொடுத்தேன்,
கழற்றிவிட்ட காரணம் கொடுத்தேன்,
உள்ளே சிந்திக் கிடந்த நெல்லைத் தின்ன
நாலு மைனாவும் கொடுத்தேன்.
தூக்கம் வரும் நேரத்தில்
மைனாக்களுக்குள் சண்டை.

இப்போது கூட்டுறவு வங்கிகளில் கணக்குத் தணிக்கை.
பக்கம் பக்கமாக ஓடும் எண்களில்
இல்லாத ஒன்று என்னைக் கூப்பிட்டுவிடும்.
ஆபீசில் மெச்சுகிறார்கள்.
வீட்டில் கதை வேறு.
ஒரு கேள்விக்கு நான் வாய் திறப்பதற்குள்
அவர்கள் மூன்றாவதற்குப் போய்விடுகிறார்கள்.
குக்கர் விசிலையும் மகளின் பேச்சையும்
ஒரே காதில் வாங்கத் தெரியாது எனக்கு;
இரண்டில் ஒன்று தீய்ந்துபோகும்.
அந்த லாரி சீட்டு கொடுத்ததும் இதுதான்,
பிடுங்கிக்கொண்டதும் இதுதான்.

பக்கத்து சீட்டுப் பையன் திடீரெனச் சிரித்து
தன் திரையை என் பக்கம் திருப்புகிறான்.
ஆட்டுக்குட்டி ஒன்று எருமை முதுகில் ஏறிவிட்டு
இறங்கத் தெரியாமல் விழிக்கிறது.
நானும் சிரித்தேன், நிஜமாகவே.
"இன்னொரு தரம் காட்டு தம்பி" என்பதற்குள்
விரல் தள்ளிவிட்டது.
அங்கே இப்போது யாரோ பரோட்டா வீசுகிறார்கள்.

எனக்குள் குட்டி இன்னும் எருமை மேல்தான் நிற்கிறது.
எருமை நடக்க ஆரம்பித்துவிட்டது,
வாய்க்கால் பக்கமாக.
தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

அதோ வேகன்கள் வருகின்றன.
ஒன்று.
இரண்டு.