முழுப் பேர்

தலவாக்கலையில் பஸ் இறங்கி
மூன்று மைல் ஏறினேன்,
படிவங்களை உரப் பையில் சுற்றிக்கொண்டு.
ஒரு படிவத்துக்கு இருநூறு ரூபாய்.
கேள்விகள் அமெரிக்காவில் எழுதியவை.
ஒஹாயோவில் யாரோ ஒருவர்
சோபாவில் சாய்ந்தபடி தொலைபேசியில்
இதற்கெல்லாம் பதில் சொல்லி,
நூற்றுக்கு இத்தனை பேர் என்று
அது கணக்காகியும் விட்டது.

எட்டாம் நம்பர் லயம். தவமலர்
இடுப்புச் சாக்கை இன்னும் அவிழ்க்கவில்லை.

காலநிலை மாற்றம் பற்றி
மிகவும் கவலையா, ஓரளவா, இல்லவே இல்லையா?

"மாசியில மழ இல்ல.
மலையே தீஞ்சு கெடந்துச்சு.
இருவது கிலோ கேட்டாங்க, பதினொண்ணுதான் வந்துச்சு.
அதுக்கு எந்தக் கட்டம்?"

'ஓரளவு' மேல் பேனாவை வைத்தேன்,
எடுத்தேன்.

சுத்தமான மின்சாரத்துக்குக்
கூடுதலாகப் பணம் தருவீர்களா?

அவள் கீழே பார்த்தாள்.
பள்ளத்தில் நீர்த்தேக்கம், தகரத் துண்டு போல.
அதன் கரண்ட்
எங்கள் தலைக்கு மேலே கம்பியில்
இரைந்துகொண்டே கொழும்புக்குப் போனது.
"நம்ம லைனை வெட்டிட்டுப் போயி
பதினெட்டு நாளு."
சிரித்த மாதிரியும் இருந்தது.

'தெரியாது' என்றொரு கட்டம் உண்டு.
மீதியெல்லாம் அதில்தான் விழும்.

"பேர் வேணாங்க," என்றேன் கடைசியில்,
"பேரில்லாமத்தான் அனுப்புவோம்."

"ஏன் வேணாம்?
மாசி முழுக்க கணக்கப்பிள்ளை
அரைப்பேருதான் போட்டாரு.
நீயாச்சும் போடு தம்பி,
முழுப் பேரா."

கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
இனிஷியலோடு எழுதினேன்.

அந்தப் படிவத்துக்கு மட்டும்
காசு வரவில்லை.