தக்கை

இரண்டாம் முறை என்ஜினை இறக்கியபோதும்
சீல் புதுசாகவே இருந்தது.
ஃப்ளைவீலுக்குப் பின்னால், உதடு கிழியாமல்,
ஆறு வாரம் முன்பு நான் தட்டி உட்காரவைத்தபடியே.
ஆனாலும் கிளட்ச் முழுக்க எண்ணெய்.

டோங்காட்டில் கரும்பு எரிக்கும் மாதம்.
கொடியில் கிடக்கும் என் வெள்ளைச் சீருடைமேல்
சாம்பல் சுருள்சுருளாய் இறங்குகிறது.
முதுகுக்கடியில் அட்டை, வாயில் டார்ச்,
அறுபத்தேழாம் வருஷத்து பீட்டிலின் கீழே நான்.

எண்ணெய்க்குச்சி தானாக எழும்பி நின்றதுண்டு.
திரும்ப அழுத்திவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன்,
இரண்டு தரம்.

எந்த வளையமும் முழுசாய் அடைப்பதில்லை.
ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம்
பிஸ்டனைத் தாண்டிக் கீழே நழுவும்.
புது என்ஜினிலும் நழுவும்.
நழுவியது போக வழி வேண்டும்,
விடாவிட்டால் எங்கே உதடு மெலிதோ
அங்கே முட்டும்.

எண்ணெய் ஊற்றும் கழுத்திலிருந்து
மேலே ஒரு குழாய், காற்று வடிகட்டிக்கு.
அதில் பழைய சொந்தக்காரர்
ஒரு போல்ட்டைச் செருகி கிளிப் போட்டிருந்தார்.
கீழே ஒரு குழாய், தரையைப் பார்த்து.
அதில் தக்கை.
வைன் பாட்டில் தக்கை,
சுத்தியலால் அடித்து இறக்கியது.

நீலனைக் கேட்டேன்.
"புது டைல்ஸ் அக்கா. நாளைக்கு ஒரு சொட்டு,
எத்தனை தரம்தான் தேய்ப்பது?"
சொட்டு நின்றது என்று
சந்தோஷப்பட்டிருக்கிறான்.

தக்கையை நெம்பி எடுத்தால்
அதற்கு மேலே நசுங்கிக் கிடக்கிறது ரப்பர் மூக்கு,
வாத்தின் அலகு மாதிரி, நடுவில் ஒரு கீறல்.
வெளியே விடும். உள்ளே விடாது.

இது எனக்குத் தெரியும்.
ஸ்டேங்கர் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில்,
கத்திக்குத்தோடு வந்த ம்கிசேயின் விலாவில்
நேற்றிரவுகூட இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்:
குழாய், குழாய் முனையில் தண்ணீர் பாட்டில்.
க்வெஹ்லேலா, பாபா, இருமுங்கள்.
இருமினார். குமிழி.
இன்னொரு தரம். குமிழி.
குமிழியைக் குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

இருபத்திரண்டு வயசில் ஒருவரை
எக்ஸ்ரேக்குக் கொண்டுபோனேன்.
மெழுகு போட்ட நடைவழி,
பாட்டில் தண்ணீர் சிந்திவிடுமோ என்று
குழாயில் கிளிப் போட்டேன்.
லிஃப்ட் வர மூன்று நிமிஷம்.
அவர் உதடு நீலமானதை நான் பார்க்கவில்லை,
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
படுக்கை தள்ளும் டுடூசிலே கிளிப்பைப் பிடுங்கினான்.
யாரும் ரிப்போர்ட் எழுதவில்லை.

ஆகவே நீலனிடம்
"ஸ்பானர் பதிமூணு எடு" என்று மட்டும் சொன்னேன்.

சிக்கரி காப்பி டின் ஒன்று,
பக்கத்தில் இரண்டு ஓட்டை, பித்தளை முழங்கை.
உள்ளே பாத்திரம் தேய்க்கும் சுருள்,
துருப்பிடிக்காத வகை.
மற்றது பொடிந்து என்ஜின் வயிற்றுக்குள் போய்விடும்.
குழாய் நெடுக ஏறிக்கொண்டே போகவேண்டும்.
நடுவில் தொய்ந்தால் அந்தத் தொய்வில் தண்ணீர் தங்கி
மறுபடி அடைப்பு.
மூன்று தரம் வெட்டினேன், மூன்று தரமும் குட்டை.
நாலாவது சரி.

கிளப்பினேன்.
டின்னின் வாயில் உள்ளங்கை வைத்தால்
சூடாய், சீராய்,
கொஞ்சம் பெட்ரோல் வாசனையோடு
பஃப், பஃப், பஃப்.

இரண்டு வாரம் ஸ்டேங்கருக்கும் வீட்டுக்கும்.
ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கவில்லை.
இன்று காலை டின்னைக் கவிழ்த்தேன்.
கெட்டி மோர் மாதிரி,
எண்ணெயும் ஈரமும் அடித்துக் கலந்தது,
அரைக் கிண்ணம்.

நீலன் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.
"இவ்வளவையுமா நான்..."
பிரஷ் வாயிலேயே நின்றது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.
கொடியிலிருந்து சீருடையை எடுத்து
ஒரு உதறு உதறினேன்.
சுத்தமான டைல்ஸ் முழுக்கச்
சாம்பல்.