சாய்கோடு முப்பத்திரண்டு

நான்கு பூச்சியம், சாய்கோடு, இன்னுமொரு பூச்சியம்:
வையத்தில் எவரும் வந்து தட்டலாம் என்று பொருள்.
ஒன்றரை வருடமாய் அப்படித்தான் கிடந்தது
எங்கள் கிளஸ்டரின் வாசல்.
தணிக்கைக்காரர் சிவப்பு மையில் சுழித்த பிறகு
வியாழன் மாலை அந்த வரியை அழித்தேன்.
இரண்டு முகவரி எழுதினேன்:
வாட்டர்லூவில், வெபர் தெரு அலுவலகம்.
கிச்சனரில், என் வீடு.
இரண்டுக்கும் வாலாகச் சாய்கோடு முப்பத்திரண்டு;
அதாவது இவர் மட்டும்,
பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கிடையாது.
பட்டியலைத் திருத்தும் பக்கத்தையும்
அதே பட்டியலுக்குள் வைத்துப் பூட்டினேன்,
தணிக்கைக்காரர் மெச்சட்டும் என்று.
சேமி என்றேன். சேமித்தது.
ரசம் சூடாக்கப் போனேன்.

பத்தரைக்கு மின்சாரம் ஒருதடவை கண் சிமிட்டியது.
மோடம் அணைந்து எழுந்து
தனக்கொரு புது எண் வாங்கிக்கொண்டது.
அதே சுவர், அதே கம்பி,
மேசையில் அதே ரசம்.
நான்தான் வேறு யாரோ.

கட்டளை அடித்தால் பதிலே இல்லை.
போ என்றுகூடச் சொல்லவில்லை.
மறுப்புக்கு ஒரு முகமாவது உண்டு;
இது காக்கவைத்தே கைவிடுவது.

உள்ளே எல்லாரும் நலம், அதுதான் வேடிக்கை.
கண்டெய்னர்கள் ஓடிக்கொண்டிருந்தன.
பன்னிரண்டு ஊர்களின் உப்பு லாரிகள்
வரைபடத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளாய் ஊர்ந்தன.
விடியுமுன் முப்பது சென்டிமீட்டர் என்றது வானிலை.
அப்போது ஊரே போனை எடுத்து
என் தெருவுக்கு எப்போது என்று கேட்கும்.
மூன்று நோடு தாங்காது, ஒன்பது வேண்டும்.
தேவைக்குத் தானே பெருகும் வசதியைச்
செலவு என்று நிறுத்தியதும் நான்தான்.

காரை எடுத்தேன்.
கிங் தெருவில் எனக்கு முன்னால் ஒரு லாரி,
அலகைத் தாழ்த்திப் பனியை ஒதுக்கிக்கொண்டு,
என் கண்ணாடியில் கல்லுப்புத் தெறிக்க.
சிக்னலில் நின்றபோது போனில் பார்த்தேன்:
அதற்கு ஒரு புள்ளி இருந்தது.
பின்னால் ஊர்கிற எனக்கு இல்லை.

அலுவலக வாசலில் அட்டையைக் காட்டினேன். சிவப்பு.
பதினொன்றுக்கு மேல் எவருக்கும் திறக்காது.
நல்லவேளை, அந்த விதியை எழுதியது நானில்லை.

கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.
தட்டினேன். வந்தார்.
சட்டையில் ரொடெல் என்று தைத்திருந்தது.
நான் நீட்டிய அட்டையை அவர் பார்க்கவில்லை.
முகத்தைப் பார்த்தார்,
பிறகு நெடுநேரம் காலைப் பார்த்தார்.
‘பூட்ஸைக் கழற்று. இப்போதுதான் துடைத்தேன்.’
அவ்வளவுதான் அவர் பட்டியல்.

ஒரு கையில் பூட்ஸ், ஒரு கையில் மடிக்கணினி,
கட்டைவிரல் எட்டிப்பார்க்கும் காலுறையோடு
மூன்று மாடி ஏறினேன்.

கம்பியைச் செருகினேன்.
விரலை எடுக்குமுன் பதில் வந்தது,
என்னை எப்போதும் தெரியும் என்பதுபோல.
மூன்று. ஐந்து.
ஒன்பதாவது நோடு மட்டும் கொஞ்சம் அடம்பிடித்து,
ஒன்றரைக்குத் தயார் என்றது.

வீட்டின் பழைய எண்ணை அழிக்கப் போய்
ஒரு கணம் நின்றேன்.
இந்நேரம் அது கிச்சனரில்
யார் வீட்டு மோடத்தில் இருக்கிறதோ.
மூன்று மணிநேரமாய் அவருக்கு மட்டும்
எங்கள் வாசலைத் தட்டும் தகுதி இருந்திருக்கிறது.
தூங்கியிருப்பார்.

கடைசிவரை காவலிருந்து நான் திரும்பியபோது
மணி நாலு பத்து.
என் தெரு வரைபடத்தில் பச்சை: பணி முடிந்தது.
முடிந்துதான் இருந்தது.
தெருப் பனியை எல்லாம் வழித்து
எண் இருபத்தேழின் வாயில்
முழங்கால் உயரத்துக்குக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள்.
இருபத்தேழு. சரியான முகவரிதான்.

நடுத்தெருவில் காரை நிறுத்திவிட்டு
பனிவாரும் மண்வெட்டியைத் தேடினேன்.
அது கராஜுக்குள் இருந்தது.