நியூட்ரல்

ஒடிந்த சத்தம் கேட்கவில்லை.
இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றப் போனான் டொக்தோசுன்.
திரும்பி வந்த கையோடு
கியர் கம்பியும் வந்துவிட்டது,
குழம்பிலிருந்து எடுத்த அகப்பை மாதிரி.
என்ஜின் வீணாகக் கத்தியது.
வண்டி ஒரு பெருமூச்சுத் தூரம் ஏறி நின்று
பின்னோக்கி உருள ஆரம்பித்தது.
குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்,
ஒற்றைக் கையால்.

கம்பியின் தலையில் ஒரு கண்ணாடிக் குமிழ்.
குமிழுக்குள் சிவப்பு ரோஜா.
முர்காபில் இந்த ஜீப்பைத் தெரியாதவர்களுக்கும்
அந்த ரோஜாவைத் தெரியும்.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"புரூல், நீ எதையாவது தொட்டாயா?"
மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினேன்.
போன மாதம் ஒரு யாக் உதைத்த மணிக்கட்டு.

ரப்பர் உறைக்கு மேலே
விரல் நீளத்துக்கு ஒரு கட்டை மிச்சம்.
அதைக் குறட்டால் கவ்வி முதல் கியர் போட்டான்.
விழுந்தது.
இருநூறு அடி போனோம்.
குறடு வழுக்கி அவன் தாடையைப் பதம் பார்த்தது.
அதன்பிறகு அவன் பேசிய ரஷ்ய மொழியை
இங்கே எழுத முடியாது.

அக்-பைத்தால் கணவாய் இன்னும் மேலே.
பின்னிருக்கையில் நானூறு யாக்குகளுக்கான தடுப்பூசி.
வெயிலில் கெட்டுப்போகும் மருந்து என்பார்கள்.
இங்கே அது குளிரில் சாகும்.
நிழல் நீளத் தொடங்கியதும்
புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து
ஆட்டுத்தோல் கோட்டுக்குள், வயிற்றோடு, அடுக்கினேன்.
மூச்சு விட்டால்
உள்ளே கிணுகிணுவென்றது.

ஐந்தரைக்கு வந்தது ஒரு காமாஸ் லாரி.
ஓஷிலிருந்து மாவு மூட்டை,
ஓட்டுநர் ஷோத்மோன்,
புருவம் வரைக்கும் மாவு.
என் வயிற்றைப் பார்த்ததும் அவசரமாக இறங்கினான்,
"எத்தனை மாதம்?" என்று.
"நானூறு யாக்" என்றான் டொக்தோசுன்.

லாரியில் இரண்டு பாட்டரி, எங்களிடம் ஒன்று.
மூன்றையும் வரிசையாகக் கோத்தால்
தரையிலேயே ஒரு வெல்டிங் பட்டறை.
அழுத்தித் திருகினால் கழலும் மூடியைக் கழற்றிக்
கட்டையை உருவினோம்.
அடியில் கிரீஸ் சொட்டும் இரும்புக் குண்டு,
கோழிமுட்டை அளவு.
சீட்டுக்கடியில் கிடந்த வெல்டிங் குச்சிகளை
ஈரம் போகச் சைலன்சர் மேல் வைத்துச் சுட்டான் ஷோத்மோன்.
எல்லாம் இருந்தது,
கண்ணுக்கு மறைப்பு மட்டும் இல்லை.

என் பையில் எக்ஸ்ரே இருந்தது.
நாலாக மடித்துக் கண்ணுக்கு நேரே பிடித்துச்
சூரியனைப் பார்த்தான்.
"போதும்" என்றான்.
போதாது என்று எனக்குத் தெரியும்.
ஆனாலும் கொடுத்தேன்.

ஒருவன் கட்டையைப் பிடிக்க
நான் ரோஜா முனையைப் பிடித்தேன்.
முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார்கள்.
எதிரே இருந்த பனிச்சரிவில்
எங்கள் மூவரின் நிழலும் நீலமாக
எழுந்தது, விழுந்தது, எழுந்தது.
என் எலும்பின் வழியாகப் பார்த்துக்கொண்டு
ஒரு அந்நியன் இரும்பை ஒட்டினான்.
கை நடுங்கியது யாருடையது என்று தெரியவில்லை.
ஒட்டியபின் பார்த்தால்
கம்பி கோணல்.

இப்போது ரோஜா என் பக்கம் சாய்ந்திருக்கிறது.
நாலாவது கியர் போட்டால் என் முழங்காலில் இடிக்கும்.
"முழங்கால்!" என்று அவன் கத்துவான்,
நான் நகர்வேன்,
அப்படித்தான் கணவாயைக் கடந்தோம்,
அப்படித்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

ஷோத்மோன் காசு வாங்கவில்லை.
பாட்டரியைத் திரும்ப மாட்டிவிட்டு,
தயங்கித் தயங்கி,
"அந்தப் படம் உனக்கு வேண்டுமா?" என்றான்.

மாவுக்கட்டு பிரித்த அன்று
டாக்டர் புதுப் படத்தை விளக்கில் மாட்டினார்.
பழையது எங்கே, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.
மாவு லாரியில் போயிருக்கிறது என்றேன்.
அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
மணிக்கட்டை மடக்கி, நீட்டி,
இடம் வலம் ஆட்டிக் காட்டினேன்.
ஒரு பக்கம் மட்டும்
கொஞ்சம் இடித்தது.