ஊசி

கும்புறுப்பிட்டி தாண்டியதும்
ஊசி சிவப்பைத் தொட்டது.
"ஒண்டுமில்லை, மீற்றர் பழுது" என்றான் தயாநேசன்.
அவனுக்கு எப்போதும்
மீற்றர்தான் பழுது.

உப்பளம் கண்ணைக் குத்தியது.
இடப்பக்கம் காய்ந்த பற்றைக்காடு,
அதற்கும் அப்பால் திரியாய் மலை,
வெயிலில் வெளிறி,
கிட்ட வராமல்.

பொனெற்றைத் திறந்தோம்.
முப்பத்தெட்டு வயதுக் கார்
எங்கள் இருவருக்குமாகச் சேர்த்துச் சீறியது.
குடிக்க வைத்திருந்த மூன்று போத்தலும் ஊற்றினோம்.
மேலே ஊற்ற ஊற்றக்
கீழே மணல் குடித்தது.

புல்மோட்டையில் றியால்தீன்
காசை எண்ணி வைத்திருந்தார்.
பாதி அவனுக்கு. பாதி எனக்கு.
வீடு போன மாசியிலேயே முடிந்துவிட்டது.
பங்கிட இது ஒன்றுதான் மிச்சம்.

முக்கால் மணித்தியாலத்தில்
மோட்டார் சைக்கிளில் அவரே வந்தார்,
பின்சீற்றில் ஒரு கான் தண்ணீர்.
பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாய்க் கீறி
வெடித்த ஹோசில்
பல்லால் இழுத்து இறுக்கிக் கட்டினார்.
வாயெல்லாம் கறுப்பு.

ஊசி இறங்கியது.

"விலையைக் குறைப்பீங்களோ?" என்றேன்.
"கண்ட பழுதுக்கு ஏன் குறைக்கணும்?
காணாத பழுதுக்குத்தான் பயம்" என்றவர்
கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
கேட்டார்:
"வேற ஒண்டும் இல்லையே?"

ஒரு பஸ் புழுதி கிளப்பிப் போனது.
தயாநேசன் என்னைப் பார்த்தான்.
நான் உப்பளத்தைப் பார்த்தேன்.

ரிவேர்ஸ் விழாது என்பதை
அவன் சொல்லவில்லை.
நானும்.