தொண்ணூற்றொன்பதாம் திரை

ஓல்ட்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால், நிலவறையில்
பதினெட்டு டிகிரிக் குளிரில் ஓடுகிறது அது:
ஆஸ்பத்திரி மருந்துக் குப்பிகளுக்கு
லேபிள் அடிக்கும் பழைய நிரல்.
எழுதியவர் ஓய்வுபெற்று
டிச்சினோவில் தக்காளி வளர்க்கிறாராம்.

திரை இல்லையென்றால் தொடங்காது.
ஒற்றை வரியில் மறுத்துவிட்டுச் சாகும்.
சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று
அதற்கும் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

ஆகவே பொய் சொன்னேன்.
இதோ திரை, எண் தொண்ணூற்றொன்பது,
அகலம் ஆயிரத்து இருநூற்று எண்பது,
உயரம் ஆயிரத்து இருபத்து நான்கு,
நிறங்களுக்குக் குறைவில்லை.
நம்பியது.

அன்றிலிருந்து நினைவகத்தின் ஒரு மூலையில்
ஜன்னல்களைத் திறக்கிறது, மூடுகிறது.
பொத்தான்களுக்குக் கீழே நிழல் போடுகிறது,
வெளிச்சமே இல்லாத இடத்தில்.
எழுத்துகளின் ஓரம் பிசிறாமல்
வழித்து வழித்து மெழுகுகிறது.
யார் கண்ணுக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நவம்பர் ஞாயிறு, காலை ஆறே கால்.
வார்டிலிருந்து ரெகுலா இம்ஹோஃப்:
லேபிள் வரவில்லை, கையால் எழுதுகிறோம்,
என் கையெழுத்து எனக்கே புரியாது.

பதிவேட்டில் ஒரு பிழையும் இல்லை.
நிரலுக்கு உயிர் இருக்கிறது, அசைவு இல்லை.
வேறு வழி தெரியாமல்
இல்லாத திரையை ஒரு படம் பிடித்தேன்.

மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது.
சாம்பல்.
இன்னும் சாம்பல்.
நட்டநடுவில் ஒரு சின்னப் பெட்டி:
புதிய பதிப்பு வந்துள்ளது. இப்போதா, பிறகா?

வெள்ளி மாலை நாலு பத்திலிருந்து
கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறது,
ஜெர்மனில், ‘நீங்கள்’ போட்டு.

குறுக்கே அறுநூற்றுப் பன்னிரண்டு,
கீழே நானூற்றுப் பதினெட்டு.
அந்தப் புள்ளிக்கு ஓர் அமுக்கல் அனுப்பினேன்,
விரல் போகவில்லை, அமுக்கல் மட்டும் போனது.
பிறகு.

வருகிறது வருகிறது என்றாள் ரெகுலா,
வாயில் பாதி ரொட்டியோடு.

படத்தை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.
ஏழு வருடமாக அது வரைந்ததில்
ஒரு மனுசக் கண் பட்டது அந்த ஒன்றில்தான்.

திங்கள் சாயங்காலம் துடைக்க வந்த ஃபட்லூமே கேட்டாள்:
இந்தப் பெட்டிக்கு ஸ்க்ரீன் எங்கே?
இருக்கிறது, என்றேன்.

என்னை ஒரு தரம் பார்த்தாள்.
பெட்டிக்கு மேலே, வெறுங்காற்றில்,
திரை இருந்தால் இருக்கக்கூடிய உயரத்தில்
துணியை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு
குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.